விஜயதசமி காலையில் கறுத்துப்போன திரைகள்

திரை கறுப்பாக இருக்கிறதா? முதலில் மவுசிலிருந்து கையை எடுங்கள். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அப்புறம் யோசிக்கலாம். வேலைக்காலம் முழுக்க லினக்ஸ் மெஷின்களோடு மாரடித்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்: திரை கறுத்ததால் அழிந்த மெஷினை நான் பார்த்ததில்லை. திரை கறுத்ததும் பதறிப்போய் நாம் செய்த காரியத்தால் அழிந்தவைதான் ஏராளம்.

நீங்களெல்லாம் வேலைக்குப் புதிது. கட்டளைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் தேடி எடுத்துக்கொள்வீர்கள். அதைச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. பின்னால் நாலு பேர் நின்று கத்தும்போது எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டுமே, அது தேடினாலும் கிடைக்காது. அதற்காகத்தான் என்னோடு வேலை செய்த தணிகையின் கதையைச் சொல்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும் கதை. அதில் நான் ஜெயித்த சமாச்சாரமும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்!

தி. நகரில் துணிக்கடைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனால் ஒரு சந்து. அந்தச் சந்தில் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். மற்றவர்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். மயிலாப்பூர், கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று அவர்களுக்குக் கிளைகள். எந்தக் கிளையில் ரத்தம் எடுத்தாலும் ரிப்போர்ட் எங்கள் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த சர்வர் ஒரே ஒரு பெட்டி. ஆனால் உள்ளே பல மெஷின்கள். புரியும்படி சொன்னால், ஒரே வீட்டைத் தடுத்துப் பல போர்ஷனாக வாடகைக்கு விட்டிருப்பார்கள் இல்லையா, அப்படி. ஒவ்வொரு போர்ஷனும் தனிக்குடித்தனம், ஆனால் எல்லாருக்கும் தெருவுக்குப் போக ஒரே கேட். உண்மையில் இல்லாத கற்பனை மெஷின்கள்தான் அந்தப் போர்ஷன்கள். பெட்டியில் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டுதான் அந்த கேட்.

தணிகை எங்களிடம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கம்ப்யூட்டர் இன்ஜினியர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் வரும் எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருளை இயர்போனில் கேட்டுக்கொண்டே வேலை செய்வான். அந்தக் குரலை அவன் ஓட்டும் வேகத்துக்கு நமக்கு ஒரு வார்த்தை விளங்காது. வேலையில் புலி. வாய் அதைவிடப் பெரிய புலி. யாராவது அவனிடம் பரிதாபமாகப் பேசினால் போச்சு, மதியம் சாப்பிடும்வரை விடாமல் கலாய்ப்பான். அதனாலேயே அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் மேனேஜருக்கு அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், தணிகை நல்ல பையன்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா டிஸ்ப்ளே பிரச்சினைன்னு ஒண்ணு வந்தா அவர் என்ன பண்ணுவார்? நாளைக்கு கிளையன்ட் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? புரொபேஷன் முடியுது, இத்தோட விட்டுடலாம்னு பாக்கறேன்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "சார், நம்ம ஆபீஸ்ல கண்ணு நல்லா தெரியறவங்க எத்தனை பேர் டிஸ்ப்ளே பிரச்சினையைச் சரி பண்ணியிருக்காங்க? ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கத்தானே செய்யறாங்க?" என்றேன். அவர் சிரித்து மழுப்பினார். "பூஜையெல்லாம் முடியட்டும், முடிவு பண்ணலாம்" என்றார்.

தணிகைக்கு அந்த வேலை நிரந்தரமானால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டி. அங்கே குடியிருந்தவர்களையெல்லாம் காலிசெய்து ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவன் அம்மா வீட்டு வேலை செய்யும் வீடுகளெல்லாம் இங்கே, அவர் குடியிருப்பது அங்கே. இரண்டு பேரும் விடியும் முன்பே கிளம்பி பஸ் மாறி பஸ் மாறி வர வேண்டும். சைதாப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தான்.

"ஹவுஸ் ஓனரு கறாரா சொல்ட்டாரு மேடம்" என்றான் என்னிடம். "வேல பர்மனென்ட்டுன்னு பேப்பர காட்டுனா சாவி. இல்லாங்காட்டி வேற ஆளுக்கு உட்ருவாராம். எங்கம்மா டெய்லி கேக்குது, பேப்பரு வந்துச்சா, பேப்பரு வந்துச்சான்னு."

மேனேஜர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. நம் ஊர் அலுவலகங்களில் அன்றைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாததா? கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மானிட்டர் தலையில் ஒரு பூ. பொரி, சுண்டல், பாதியில் நிற்கும் வேலைகள். எங்கள் மேனேஜருக்கு பக்தி ஜாஸ்தி. கிளைகளையும் அன்றைக்குப் பூஜைக்காக மூடியிருந்தார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு சர்வரையே முழுசாக நிறுத்தினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே உட்கார்ந்து துடைத்தார். அந்தப் பெட்டியை அணைத்து எத்தனையோ காலமாகியிருந்தது. துடைத்த பெட்டி பளபளவென்று இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு. கற்பூரம் காட்டினோம், கும்பிட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் செய்யவில்லை. திரும்ப ஓட விட்டுப் பார்க்கவில்லை. பூஜையில் வைத்த பொருளை அன்றைக்கே எடுத்து வேலை வாங்கக் கூடாது என்பது வழக்கம். வேறெந்த நாளாக இருந்தாலும் கழுவித் துடைத்த மெஷினைப் போட்டுப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருப்போமா? மரியாதை கொடுத்தோம், அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் விஜயதசமி. பரிசோதனை நிலையத்துக்காரர்கள் அடையாறில் புதுக் கிளை திறக்கிறார்கள். நல்ல நேரத்துக்குள் முதல் ரிப்போர்ட் அச்சாகி வர வேண்டும். காலையில் வந்து மேனேஜர் சர்வரைப் போட்டார். பெட்டி உயிர்பெற்றது. உள்ளிருக்கும் மெஷின்களும் கிளம்பியதாகப் பச்சை விளக்கு காட்டியது. ஆனால் ஒன்றைத் திறந்து பார்த்தால் திரை கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. எல்லாமே கறுப்பு. சரி, நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றால் ஒன்றிடமிருந்தும் பதில் இல்லை.

என் போன் அடித்தது. அடையாறிலிருந்து நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா. மயிலாப்பூர்க்காரர்.

"மேடம், இங்க சிஸ்டம் சுத்திண்டே இருக்கு, ஒண்ணும் வரலை. முதல் ரத்தம் எங்க மாமனாரோடது. கார்த்தாலேர்ந்து வெறும் வயித்தோட உக்காந்துண்டிருக்கார். ரிப்போர்ட்டைக் கையில வாங்கினாத்தான் சாப்பிடுவேன்னு பிடிவாதம். நல்ல நேரம் போயிண்டிருக்கு. என்ன பண்ணிண்டிருக்கேள் அங்க?"

"பாத்துண்டே... பாத்துட்டே இருக்கோம் டாக்டர்" என்றேன். பதற்றத்தில் அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் பதறிப்போனார். "எல்லாம் செத்துடுச்சு மேடம். ஸ்கிரீனும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிடுவோம்" என்று மவுசைப் பிடித்தார்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்றோ ஒரு நாள் மெஷின் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைத்திருப்பது. ஒரு சொடுக்கில் அந்த நாளுக்கே திரும்பிவிடலாம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் நடந்தது எதுவும் மெஷினில் மிச்சமிருக்காது. எங்களிடம் இருந்த ஸ்னாப்ஷாட் கோடைக்காலத்தில் எடுத்தது. பேக்கப் தனியாக இருந்தது, உண்மைதான். அதைக் கொண்டுவந்து ஒட்டவைத்துச் சரிபார்ப்பதற்குள் அந்த நாளே முடிந்துவிடும். மூன்று கிளைகளில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் கதி?

நான் அவர் கைமேலேயே கையை வைத்தேன். "சார், கையை எடுங்க."

"மேடம், நேரம் போகுது!"

"போகட்டும். செத்துடுச்சுன்னு யார் சொன்னது? ஸ்கிரீன் சொல்லுச்சா? ஸ்கிரீன் ஒண்ணுமே சொல்லலை. அதுதானே பிரச்சினை!"

என் வேலைக்காலத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் இது ஒன்று. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, பாருங்கள். காரணம் தெரியவில்லை, வழி தெரியவில்லை. திரும்பி வர முடியாத காரியத்தைக் காரணம் தெரிவதற்குமுன் செய்யக் கூடாது என்பது மட்டும் தெரியும். பல சமயம் அந்த ஒன்று போதும்.

அந்த நேரம் பார்த்துத் தணிகை உள்ளே வந்தான். பஸ் தாமதம். கைத்தடியை மடக்கிக்கொண்டே நின்றான்.

"இன்னா மேடம், எல்லாரும் கப்சிப்னு கீறீங்க?"

"ஸ்கிரீன் எல்லாம் கறுப்பா இருக்கு தணிகை."

"அவ்ளோதானா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். எனக்கு டெய்லி அப்டித்தான் மேடம் கீது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்: 'டிஸ்ப்ளே பிரச்சினைன்னு நான் சொன்னேன் இல்ல? இதோ வந்துடுச்சு.' அவன் வேலை, அவன் அம்மா கேட்கும் அந்தக் காகிதம், ஸ்டேஷன் பக்கத்து வீட்டுச் சாவி, எல்லாம் அந்தக் கறுப்புத் திரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று ஜோக் அடித்தவனுக்கு அது தெரியாது.

"தணிகை, நீ உக்காரு" என்றேன். மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டேன்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கற்பனை மெஷின்களுக்குப் படமாகக் காட்டும் திரையைத் தவிர வெறும் எழுத்தாலேயே உள்ளே போகும் ஒரு பக்கவாசலும் வைக்கலாம். நம்மில் யாரும் அதை வைப்பதில்லை. படம்தான் வருகிறதே, எழுத்து எதற்கு என்ற மிதப்பு. தணிகைக்குப் படத்தால் பயன் இல்லை. அதனால் வேலைக்கு வந்த புதிதில் என்னிடம் அனுமதி வாங்கி எல்லா மெஷினிலும் அந்தப் பக்கவாசலைத் திறந்து வைத்திருந்தான். தன் வசதிக்காகச் செய்துகொண்டதுதான். அந்தக் காலையில் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அது.

முதல் மெஷினின் பக்கவாசலைத் தட்டினான். ஒன்றும் இல்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டார். தணிகை இன்னொரு முறை என்டரைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு இயர்போனைப் பிடுங்கிவிட்டு, குரலின் வேகத்தைக் குறைத்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். "லாகின்" என்றது குரல்.

"உயிரோடதான் கீது மேடம். கல்லு மாதிரி கீது."

அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தான். ரிப்போர்ட் போடும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்தது. முந்தாநாள் வந்த ரிப்போர்ட்கள் அத்தனையும் இருந்தன. ஒரு சொடுக்கில் இதையெல்லாம் கோடைக்காலத்துக்கு அனுப்ப இருந்தோம். மேனேஜர் மெல்ல மவுசைத் தள்ளி வைத்தார்.

"அப்போ ஏன் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேங்குது?" என்றேன்.

"இருங்க மேடம், கேட்டுப் பாப்போம்." உள்ளிருந்தபடியே பக்கத்து மெஷினைக் கூப்பிட்டான். பதில் வந்தது. வெளியுலகத்தைக் கூப்பிட்டான். வரவில்லை. இன்னொரு மெஷினுக்குள் போய் அதையே செய்தான். அதே கதை. பிறகு விரலைச் சொடுக்கினான். "பக்கத்துப் போர்ஷன்ல கூப்ட்டா குரல் வருது. தெருவுல கூப்ட்டா வர்ல. அப்போ கோளாறு வூட்டுக்குள்ள இல்ல மேடம், கேட்டாண்ட."

மெஷின்களை விட்டு வெளியே வந்து பெட்டியின் அமைப்பைப் பார்த்தான். கேட்டுக்கு இடம் விட்டிருக்கிறது, ஆனால் கேட்டையே காணோம். அதாவது, மெஷின்களை வெளியே இணைக்கும் நெட்வொர்க் கார்டை அந்தப் பெயரில் காணோம். லினக்ஸ் இந்தக் கார்டுகளுக்கு அவை செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் வைக்கும். இடம் மாறினால் பெயரும் மாறும். பழைய பெயர்க் கார்டைக் காணவில்லை, புதுப் பெயரில் ஒரு கார்டு யாருக்கும் வேண்டாமல் சும்மா கிடந்தது.

"நேத்து யாராச்சும் இந்த கார்ட கழட்டுனாங்களா?" என்றான் தணிகை.

மேனேஜர் சந்தனப் பொட்டு வைத்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூசியா இருந்துது... கழட்டித் துடைச்சேன்" என்றார். "பக்கத்து இடத்துல வெச்சுட்டேன் போலிருக்கு. இருங்க, இப்பவே ஆஃப் பண்ணிட்டுப் பழைய இடத்துலயே வெச்சுடறேன்!"

"தொடாதீங்க சார்!" என்று நானும் தணிகையும் ஒரே குரலில் கத்தினோம்.

உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை மறுபடி நிறுத்தி, மறுபடி எழுப்பி, அப்போது என்ன முளைக்குமோ! கார்டு எங்கே இருந்தால் என்ன, அங்கேயே இருக்கட்டும். அதன் புதுப் பெயரைச் சொல்லி அதையே கேட்டாக மாட்டினால் போதும். "மாட்டு தணிகை" என்றேன். அடித்தான். அடித்ததை வாய்விட்டு ஒருமுறை படித்தான். நான் திரையில் சரிபார்த்துத் தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. "சரியா இருக்கு, போடு!" என்றேன்.

போட்டான். சட்டென்று எல்லா மெஷின்களிலிருந்தும் பதில் வரத் தொடங்கியது. குரல் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனது.

அடுத்த நிமிடம் போனில் டாக்டரம்மா. "வந்துடுத்து மேடம், வந்துடுத்து! பிரின்ட்டர்ல வந்துண்டிருக்கு!" பின்னால் ஒரு பெரியவர் குரல், "இட்லியைக் கொண்டா முதல்ல" என்று அதட்டியது. எங்கள் அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ முந்தின நாள் பூஜைப் பொரியை எடுத்து வீசினார்கள். நான் தணிகையின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "வலிக்குது மேடம்" என்று சிரித்தான்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. "எல்லாம் சரி. ஸ்கிரீன் இன்னும் கறுப்பாத்தானே இருக்கு?"

"அது உங்களுக்குத்தான சார் வோணும்" என்றான் தணிகை. "மிஷினுக்கு வோணாம். மதியானமா பாத்துக்கலாம்."

முதலில் சிரித்தது மேனேஜர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். விட்டேனா பார் என்று நான் உள்ளே புகுந்தேன். "சார், நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு. விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சா எதுவும் வீணாப் போகாது. தணிகையோட பர்மனென்ட் லெட்டர்ல கையெழுத்தைப் போட்டுடுங்க."

"இப்பவேவா?"

"அடையாறுல நல்ல நேரத்துக்கு அந்தப் பாடு பட்டோமே. நமக்கு ஒண்ணும் வேண்டாமா?"

அந்த மனுஷனிடம் எதைச் சொன்னாலும் மறுப்பார், நல்ல நேரத்தை மறுக்க மாட்டார். எழுந்து போனார், அச்செடுத்தார், கையெழுத்துப் போட்டார், கொண்டுவந்து தன் கையாலேயே தணிகையிடம் கொடுத்தார். "நான் வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேன் தணிகை. தப்பு என்னுதுதான்" என்றார். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

திரை விஷயம் சப்பென்று முடிந்தது. அந்த மெஷின்கள் வெகுகாலமாக அணையாமல் ஓடியவை. நடுவில் போட்ட அப்டேட்டுகளெல்லாம் அணைத்து எழுப்பினால்தான் நடைமுறைக்கு வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. பூஜைக்கு நிறுத்தி எழுப்பியதும் மொத்தமாக வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கு அந்த மெஷின்களுக்கு நாங்கள் வைத்திருந்த பழைய வகைக் கற்பனை டிஸ்ப்ளே ஒத்துவரவில்லை. கிளைகளில் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொரு மெஷினாக நிறுத்தி, டிஸ்ப்ளே வகையை மாற்றி எழுப்பினான் தணிகை. ஒவ்வொரு முறையும், "மேடம், படம் வந்துச்சா? அதுக்கு மட்டும் உங்க கண்ணு வோணும்" என்பான். "வந்துச்சுப்பா" என்பேன். கார்டின் புதுப் பெயரையும் நிலையாகப் பதிந்து வைத்தோம்.

கவனித்தீர்களா? இரண்டு கோளாறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரே காலையில் சேர்ந்து வந்ததால் மொத்தமாகச் சாவு மாதிரி தெரிந்தது. உங்களுக்கும் இப்படி வரும். அப்போது இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகக் கேள்வி கேளுங்கள். உயிர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நமக்குத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. பதறுகிறவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான். மெஷின் விஷயத்தில் மட்டும் இல்லை, ஆள் விஷயத்திலும்தான்.

வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் தணிகை வீட்டுக்குப் போன் போட்டான். காகிதத்தை என்னிடம் நீட்டினான். "நீங்க படிங்க மேடம். நான் சொன்னா எங்கம்மா நம்பாது, கலாய்க்கறேன்னு நெனைக்கும்."

படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "தணிகைவேல் என்பவரை இந்த நிறுவனத்தில் நிரந்தரப் பணியாளராக..." முடித்தேன்.

"அந்தம்மாவ இன்னொரு தபா படிக்கச் சொல்லுடா" என்றது அவன் அம்மாவின் குரல்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி.